சுத்தமாக இருந்த பறவைகளை ஏன் பிடித்தார்கள்? ட்ரெஷர் எண்ணெய்க் கசிவு, 2000: ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது சுருக்கமாக

2000-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகே ட்ரெஷர் என்ற சரக்குக் கப்பல் இரும்புத்தாதுவோடு மூழ்கியது. மூழ்கிய இடம் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவே. ராபன் தீவு என்றால் மண்டேலா பல வருடம் சிறையிருந்த தீவாகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஆப்பிரிக்கப் பென்குயின்களின் மிகப்பெரிய குடியிருப்பு டாசனில் இருந்தது, மூன்றாவது பெரிய குடியிருப்பு ராபனில் இருந்தது. கப்பலில் இருந்த எரிபொருள் எண்ணெய் சுமார் 1300 டன். அது சரியாக இந்த இரண்டு தீவுகளின் பக்கம் பரவியது.

சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. அவற்றைப் பிடித்துக் கழுவியதுதான் உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அதே வாரங்களில், உடம்பில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத இன்னொரு 19,500 பறவைகளையும் பிடித்து, லாரியில் ஏற்றி, 800 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இந்த இரண்டாவது வேலைக்காகத்தான். முதலில் கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், பறவையின் பழக்கம் தெரிந்தால் வேறு வழியே இல்லை என்று புரியும். சம்பந்தப்பட்ட ஆட்களின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை, முடிவுகள்தான் முக்கியம்.

முதலில் பறவையைப் பற்றி

பென்குயின் என்றதும் பனிக்கட்டிதான் மனதில் வரும். இந்த இனம் பனியைப் பார்த்ததே கிடையாது. நமீபியா, தென்னாப்பிரிக்கக் கரைகளில் மட்டும் வாழ்கிறது, வெயில் அடிக்கும் கரையிலே கூடு, பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்ந்த கடலிலே சாப்பாடு. அறுபது எழுபது சென்டிமீட்டர் உயரம், எடை மூன்று கிலோ அளவு. கண்ணுக்கு மேலே ரோஜா நிறத்தில் இறகில்லாத ஒரு தோல் பகுதி உண்டு. உடம்பு சூடானால் அங்கே ரத்தம் பாய்ந்து சூட்டை வெளியேற்றும். நெஞ்சில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் ஒன்றுக்கிருப்பது மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. குரல் கழுதை கத்துவது போலவே இருக்கும், அங்கே அதற்குக் கழுதைப் பென்குயின் என்றே ஒரு பெயர் இருந்தது.

சாப்பாடு பெரும்பாலும் மத்தியும் நெத்திலியும். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் போய்விட்டுத் திரும்பியாக வேண்டும், அதற்கு மேல் தூரம் போனால் குஞ்சு பட்டினி. ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை, ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாப்பு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், ஒன்று கூட்டில் இருந்தால் மற்றது கடலில். இந்த "மாறி மாறி" என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே இதில்தான் தொங்குகிறது. பெரும்பாலான ஜோடிகள் வருடா வருடம் பிரியாமல், அதே தீவில், முடிந்தால் அதே கூட்டில் வந்து சேரும்.

இன்னொரு பழக்கம் இறகுதிர்ப்பு. வருடத்துக்கு ஒரு முறை மொத்த இறகும் ஒரேயடியாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். அந்த மூன்று வாரமும் நீர் ஒட்டாத கவசம் கிடையாது, அதனால் கடலில் இறங்க முடியாது, அதனால் சாப்பாடும் கிடையாது. முன்கூட்டியே கொழுத்துக்கொண்டு கரைக்கு வந்து நின்றால்தான் பிழைக்கும்.

மனிதர்களால் இந்தப் பறவை பட்ட பாடு எண்ணெயோடு தொடங்கவில்லை. தீவுகளில் மீட்டர் கணக்கில் படிந்திருந்த பறவை எச்சத்தைத் தோண்டித்தான் இவை வளை அமைத்தன. 19-ம் நூற்றாண்டில் அந்த எச்சத்தையெல்லாம் உரத்துக்காகச் சுரண்டி எடுத்துப் போய்விட்டார்கள். வளை போனபின் கூடு திறந்த வெளிக்கு வந்தது, வெயில் தாங்காமல் தாய்ப்பறவை எழுந்து போகிற நேரம் பார்த்து கடற்காகம் முட்டையைத் தூக்கிப்போகும். முட்டைகளையும் 1967 வரை மனிதர்கள் சாப்பாட்டுக்காக எடுத்தார்கள். ராபன் தீவில் 1800-ஐ ஒட்டிய காலத்திலேயே இந்த இனம் அற்றுப்போய், 1983-ல் ஒன்பது ஜோடி தானாக வந்து மறுபடி குடியேறியது. 2000-ல் அந்த ஒன்பது ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. அந்தத் தீவைத்தான் எண்ணெய் சூழ்ந்தது.

1994-ல் பட்ட அடி

ட்ரெஷர் முதல் விபத்து இல்லை. ஆறு வருடத்துக்கு முன், அதே ஜூன் மாதத்தில், டாசன் தீவுப் பக்கம் அப்பல்லோ சீ என்ற கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய 10,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன, பாதிதான் பிழைத்தன. செத்தவற்றில் கணிசமானவை கழுவும் இடத்துக்கு வரும் வழியிலும் வந்த முதல் சில நாட்களிலும் போனவை. நெரிசலாக அடைத்து, காற்றோட்டமில்லாமல், எண்ணெய் நெடியோடு ஏற்றி வந்தார்கள். குளிரில் நடுங்கும் பறவை என்று நினைத்தோம், வழியில் சூட்டில் செத்தது என்பதுதான் அந்த வருடம் கிடைத்த பாடம். அந்தத் தோல்வியை மறைக்காமல் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார்கள். 2000-ல் கிடைத்த வெற்றியில் பெரிய பங்கு அந்தக் காகிதங்களுக்கு உண்டு என்பது என் கருத்து.

முதல் நாட்களில் கண்டது

எண்ணெய் முதலில் ராபன் தீவுக்கு வந்தது, சில நாட்கள் கழித்து டாசனை எட்டியது. ஜூன் மாதம், இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கிற காலம். கூடுகளில் முட்டையும் குஞ்சும்.

நனைந்த பறவைக்கு என்ன ஆகிறது என்றால், இறகுகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டியது போல் இறுகி நின்று உள்ளே காற்றை வைத்திருக்கும், அந்தக் காற்றுதான் கம்பளி. எண்ணெய் பட்டதும் கொக்கி கழன்றுவிடும், குளிர்ந்த நீர் நேரே தோலைத் தொடும். கடலிலேயே வாழ்கிற பறவை, ஆனால் தோலில் தண்ணீர் பட்டால் தாங்காது. நடுங்கிக்கொண்டு கரையேறும், கரையேறினால் சாப்பாடு இல்லை. சும்மாவும் நிற்காது, அலகால் இறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும், குடல் புண்ணாகும், ரத்தசோகை வரும். எண்ணெய் மேல் பட்டதும் சாவது குறைவு. பல நாள் எடுத்துக்கொண்டு பசியாலும் விஷத்தாலும் சாகும். அந்தப் பல நாட்கள்தான் மீட்பவர்களுக்குக் கிடைக்கிற அவகாசம்.

நனையாத பறவைகள்? அவை கூட்டில் உட்கார்ந்திருந்தன, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மாறி மாறி என்று சொன்னேனே, சிக்கல் அங்கேதான். கடலுக்குப் போன துணை எண்ணெயில் மாட்டிக்கொண்டது, திரும்பவில்லை. கூட்டில் இருப்பது காத்திருக்கும், பசி முற்றும்போது எழுந்து கடலுக்கு நடக்கும், நடக்கிற பாதையின் முடிவில் அதே எண்ணெய். இன்றைக்குச் சுத்தமாக இருப்பது இன்னும் சில நாளில் எண்ணெய்க் கணக்கில் சேரும். தீவில் இருந்தவர்களுக்கு இது தெளிவாகத் தெரிந்தது.

முடிவுகள், காரணங்கள்

நனைந்த பறவைகளை எடுத்துப் போவதில் விவாதம் எதுவும் இல்லை. முறை மட்டும் மாறியது: துளையிட்ட அட்டைப் பெட்டிகள், பெட்டிக்குச் சில பறவைகள் மட்டும், ராபன் தீவிலிருந்து ஹெலிகாப்டரிலும் படகிலும். 1994-ன் தவறு திரும்ப நடக்கவில்லை.

கடினமான முடிவு சுத்தமானவற்றைப் பற்றியது. மூன்று வழி இருந்தது. அப்படியே விடலாம், அப்படியானால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். பிடித்து அடைத்து வைக்கலாம், ஆனால் நனைந்த 19,000-க்கே இடமும் ஆளும் மீனும் போதாமல் திண்டாடும்போது நோயில்லாத இன்னொரு 19,000-ஐக் கூண்டில் போட்டு ஊட்டுவது, அதுவும் அடைப்பில் நோய் பரவும் அபாயத்தோடு, நடக்காத காரியம். மூன்றாவது வழி, இவை எப்படியும் வீட்டுக்குத் திரும்பும், அதைத்தான் செய்யும் என்பது தெரிந்த விஷயம், எனவே திரும்பி வர நேரமாகிற தூரத்தில் விட்டுவிட்டு அந்த நேரத்துக்குள் கரையைச் சுத்தம் செய்துகொள்ளலாம். பறவையின் பிடிவாதத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள்.

விட்ட இடம் போர்ட் எலிசபெத்துக்கு அருகே கேப் ரிசீஃப் முனை, இன்று அந்த ஊரின் பெயர் கெபெர்ஹா. ஏன் அங்கே? பக்கத்து அல்கோவா வளைகுடாவிலும் அன்றைக்கு இதே இனத்துக்குப் பெரிய குடியிருப்புகள் இருந்தன, அதாவது அந்தத் தண்ணீரில் சாப்பாடு இருந்தது. வழிநெடுகக் கரையை ஒட்டியே நீந்தி வரலாம், வரும்போதே மீன் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதை யாரும் மூடி மறைக்கவில்லை. பெற்றோரைத் தூக்கிப்போனால் முட்டை கெடும், குஞ்சு சாகும். ஆனால் இந்தப் பறவை நான்கு வயதுக்கு மேல்தான் முட்டையிடத் தொடங்குகிறது, பிழைத்தால் பத்து, இருபது வருடம்கூட வாழும். ஒரு வளர்ந்த பறவை போனால் அது இனி இட இருக்கும் எல்லா ஈடும் போகிறது, ஒரு குஞ்சு போனால் அந்த வருடத்து ஈடு மட்டும்தான். கணக்கு சரிதான். குஞ்சு கத்திக்கொண்டிருக்கும் கூட்டிலிருந்து தாயைத் தூக்கும் கைக்கு அந்தக் கணக்கு எந்த அளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம். கூடுகளிலிருந்து 3000-க்கும் மேற்பட்ட அனாதைக் குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்தார்கள், எடுக்க முடியாமல் போனவையும் ஆயிரக்கணக்கில் உண்டு.

கிடங்குக்குள்

கடற்பறவை மீட்பு அமைப்பான சான்காப்பின் இடம் சில ஆயிரத்துக்கு மேல் தாங்காது. எனவே கேப் டவுனின் சால்ட் ரிவர் பகுதியில் ரயில் பழுதுபார்க்கும் பழைய கிடங்கு ஒன்றைத் திறந்து, தற்காலிகத் தொட்டிகளையும் தடுப்புகளையும் வரிசையாக அமைத்து, பெரும்பாலான பறவைகளை அங்கே வைத்தார்கள். தன்னார்வலர்கள் 12,000-க்கும் மேல். பல நாடுகளின் விலங்குக்காட்சிச் சாலைகளிலிருந்தும் அனுபவசாலிகள் வந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கழுவுவதுதான் வேலை என்று தோன்றும். உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு போடுவதுதான் வேலை. காட்டுப் பென்குயின் நீந்துகிற மீனைத்தான் மீன் என்று நினைக்கும், கையில் தொங்கும் செத்த மத்தியை அதற்கு அடையாளமே தெரியாது. ஒருவர் பறவையைத் தொடைக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, அலகைத் திறந்து, மீனைத் தொண்டைக்குள் தள்ள வேண்டும், அது கொத்தும், அலகின் விளிம்பு கத்திபோல இருக்கும், எல்லார் கையிலும் காயம். ஒரு பறவைக்கு நாளுக்கு அரை கிலோ என்று வைத்தாலே 19,000-க்கு ஒன்பது டன்னுக்கு மேல் வருகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள். உறைய வைத்த மீனில் தயமின் (வைட்டமின் பி1) சத்து அழிந்துவிடும் என்பதால் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். நீர்ச்சத்து ஏறும்வரை குழாய் வழியாக உப்பு கலந்த நீரும் வயிற்று எண்ணெயை உறிஞ்சக் கரித்தூளும்.

வந்ததும் கழுவக்கூடாது என்பது முக்கியமான விதி. பலவீனமான பறவை கழுவும் மேசையிலேயே இறந்துவிடும், எடையும் ரத்தமும் தேறிய பிறகுதான் கழுவல். முதலில் எண்ணெயை இளக்கும் திரவம், அப்புறம் வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, கண் அலகு ஓரங்களுக்குப் பல் துலக்கும் பிரஷ், கடைசியில் அலசல். அலசல்தான் உயிர்நாடி: சோப்பு மிச்சம் இருந்தால் எண்ணெய் மிச்சம் இருப்பதற்குச் சமம், தண்ணீர் உள்ளே போகும். கழுவி முடித்தாலும் உடனே விட முடியாது. தொட்டியில் நீந்தவிட்டு, தானே கோதிக் கோதி இறகை அடுக்கி, வால் பக்கச் சுரப்பியின் மெழுகைத் தடவி, நீர் ஒட்டாத நிலை திரும்பும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நீந்தித் திரும்பியவை

கேப் ரிசீஃபில் விட்டவற்றில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி ஒட்டியிருந்தார்கள். பீட்டர், பெர்சி, பமேலா என்று பெயரும் வைத்து, அவை எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்பதை இணையத்தில் போட்டார்கள், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் பறவைகள் தங்கள் தீவுப் பக்கம் வந்து சேரத் தொடங்கின. அதற்குள் கடலில் மிதந்த எண்ணெய் பெருமளவு நீங்கியிருந்தது. கிடங்கில் அடைத்து வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தினம் அரை கிலோ மீனும் இரண்டு கையும் தேவைப்பட்டிருக்கும். இவை தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டன.

கணக்கு

வளர்ந்த பறவைகளும் இளம் பறவைகளுமாகச் சுமார் 2000 இறந்தன. கழுவியவற்றில் பத்தில் ஒன்பது மீண்டும் கடலுக்குப் போயின. 1994-ல் பாதி என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். இடம் மாற்றியவற்றில் சாவு சில நூற்றைத் தாண்டவில்லை. அன்றைய மொத்த இனத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இந்த ஒரே விபத்தின் பாதையில் இருந்தது.

பின்னால் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில் இன்னும் சில விஷயங்கள் தெரிந்தன. கழுவி விட்ட பறவைகள் மற்றவற்றைப் போலவே உயிரோடிருந்தன, ஆனால் குஞ்சு வளர்ப்பதில் கொஞ்சம் பின்தங்கின, குஞ்சு பெரிதாகி நிறையச் சாப்பிடும் கட்டத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை. எண்ணெய் படாமல் இடம் மாற்றியவற்றுக்கு இந்தக் குறை இல்லை. கையால் வளர்த்த அனாதைக் குஞ்சுகள் பெற்றோர் வளர்த்தவற்றுக்குச் சமமாகப் பிழைத்துக் கூடு கட்டின. இதை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, ஆனால் பலவீனமான குஞ்சுகளை எடுத்து வளர்த்துத் திரும்ப விடும் இன்றைய வேலைக்கே இதுதான் அடித்தளம்.

அதன் பிறகு நடந்தது

இங்கே நிறுத்தினால் நல்ல கதையாக முடியும். ஆனால் முடியவில்லை.

2001-ல் தென்னாப்பிரிக்காவில் சுமார் 56,000 ஜோடி இருந்தது. 2009-ல் 21,000. இடையில் ட்ரெஷர் அளவுக்கு எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. மத்தியும் நெத்திலியும் மேற்குக் கரையை விட்டுத் தெற்கே, கிழக்கே நகர்ந்துவிட்டன. தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறியது ஒரு காரணம், மிச்சமிருந்ததைச் சுருக்குமடி வலைகள் அள்ளியது இன்னொரு காரணம். மீன் இடம் மாறலாம், பென்குயின் மாறாது. 2000-ல் அதைக் காப்பாற்றிய அதே வீடு திரும்பும் பிடிவாதம் இப்போது மீனில்லாத தீவுக்கு அதை இழுத்து வந்தது. இறகுதிர்ப்புக்கு முன் கொழுக்க முடியாத பறவை அந்த மூன்று வாரத்தைத் தாண்டுவதில்லை, இதற்குக் கறுப்பு எண்ணெய் மாதிரி படம் எதுவும் கிடையாது, தன்னார்வலர் கூட்டமும் வராது.

2010-ல் அருகிவரும் இனம் என்று பட்டியலிட்டார்கள். 2024 அக்டோபரில் மிக அருகிய இனம் என்ற, காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படிக்கு வந்தது. உலகம் முழுக்க இன்று 10,000 ஜோடிக்கும் குறைவு. அதாவது அந்த ஒரு குளிர்காலத்தில் கையால் தொட்டுக் காப்பாற்றிய எண்ணிக்கைகூட இன்று மொத்தத்தில் இல்லை.

இன்று இப்படி நடந்தால்

சில மாற்றங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. 2000-ல் விட்ட பறவைகளை அடையாளம் காணச் சிறகில் உலோக வளையம் மாட்டினார்கள். நீந்தும்போது அது இழுவையைக் கூட்டுகிறது என்ற சந்தேகம் வலுத்ததால் இப்போது தோலுக்கடியில் சில்லு வைக்கிறார்கள். கூடுகளுக்கு வெயில் தாங்கும் செயற்கை வளைகள் வந்திருக்கின்றன. தெற்குக் கரையில் டி ஹூப் என்ற இடத்தில் பொம்மைப் பென்குயின்களை நிறுத்தி, ஒலிபெருக்கியில் கழுதைக் குரலை ஒலிக்கவிட்டு, மீன் போன பக்கமே பறவையையும் இழுக்கப் பார்த்தார்கள், 2022-ல் அங்கே ஜோடிகள் கூடு கட்டின. 2025 மார்ச்சில், பறவை அமைப்புகள் போட்ட வழக்கு சமரசமாக முடிந்து, டாசனும் ராபனும் உட்பட ஆறு குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலி வலைகளுக்குப் பத்து வருடத் தடை வந்தது.

நான் மாற்றிச் செய்யச் சொல்வது ஒன்று உண்டு, அது இடம்மாற்றும் திட்டத்தைப் பற்றியது. அந்தத் திட்டம் வென்றதற்கு அல்கோவா வளைகுடாவில் மீன் இருந்ததும் தண்ணீர் சுத்தமாக இருந்ததும் பாதிக் காரணம், ஆனால் கதை சொல்லும்போது அந்தப் பாதி விடுபட்டுப் போகிறது. 2016-ல் அதே வளைகுடாவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கப்பலுக்கு எரிபொருள் ஏற்றும் வேலை தொடங்கியது, சில முறை எண்ணெய் கசிந்தது, அங்கே ஒரு காலத்தில் இந்த இனத்தின் மிகப்பெரிய குடியிருப்பாக இருந்த செயின்ட் குரோய் தீவு இன்று பெரும்பாலும் காலிக் கூடுகளாகக் கிடக்கிறது. எனவே அவசரகாலத் திட்டத்தில் "கேப் ரிசீஃபில் விடவும்" என்று 2000-ஐப் பார்த்து ஒரு வரி எழுதி வைத்திருப்பவர்கள், லாரியில் ஏற்றுவதற்கு முன் அந்த வாரம் அந்தக் கடலில் நெத்திலி இருக்கிறதா, எந்தக் கப்பல் எங்கே எண்ணெய் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று மீன்வள ஆட்களையும் துறைமுகத்தையும் கூப்பிட்டுக் கேட்கும் இன்னொரு வரியை அதற்கு மேலே சேர்க்க வேண்டும்.